ஈப்பிடிப்பான்களிடம் மெர்லின் செயலி எவ்வளவு தேறுகிறது?

மெர்லின் பேர்ட் ஐடி செயலி நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்பவர்களிடம், எந்தப் பறவைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மயிலையும் மீன்கொத்தியையும் படமெடுத்துக் கொடுத்தால் அது சட்டென்று பெயரைச் சொல்லிவிடும். ஆனால் அவற்றுக்குச் செயலி யாருக்கும் தேவைப்படுவதில்லை. அதன் தரத்தை அறிய வேண்டுமானால் ஈப்பிடிப்பான்களிடம்தான் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மேற்கு மலைகளில் அக்டோபர் முதல் மார்ச் வரை, அங்கேயே வாழ்பவையும் வலசை வந்தவையுமாகப் பத்துக்கும் மேற்பட்ட ஈப்பிடிப்பான் இனங்கள் இருக்கின்றன. எல்லாமே ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவு. பெரும்பாலானவை நீலம், ஆரஞ்சு, பழுப்பு, வெள்ளை ஆகிய நான்கு நிறங்களை வெவ்வேறு விதமாகப் பங்கிட்டுக்கொண்டவை. இலை மறைவில் அமர்ந்து, ஒரு பூச்சியைத் துரத்திப் பிடித்து, மறுபடி வந்து அமர்வதற்குள் நமக்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

அமெரிக்காவிலுள்ள கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014இல் வெளியிட்ட செயலி இது. கட்டணம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. நாம் இருக்கும் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத காட்டுக்குள்ளும் இயங்கும். வால்பாறையிலோ முக்கூர்த்தி பக்கத்திலோ சுற்றுபவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பறவையின் பெயரை அறிய மூன்று வழிகள் இதில் உள்ளன: கேள்விகளுக்குப் பதில் சொல்வது, படத்தைக் கொடுப்பது, 2021இல் சேர்க்கப்பட்ட ஒலி அறிதலைப் பயன்படுத்துவது. ஈப்பிடிப்பான்களைப் பொறுத்தவரை இந்த மூன்றும் ஒரே தரத்தில் இல்லை.

கேள்வி வழியை விரைவாகக் கடந்துவிடலாம். எங்கே பார்த்தீர்கள், எப்போது, எவ்வளவு பெரியது, முக்கியமான நிறங்கள் என்ன, என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுவிட்டு, அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் பொருந்தும் பறவைகளை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. சிட்டுக்குருவி அளவு, பழுப்பும் வெள்ளையும், மரத்திலோ புதரிலோ இருந்தது என்று பதில் சொன்னால் கதிர்க்குருவிகளும் சிலம்பன்களும் ஈப்பிடிப்பான்களும் கலந்த நீண்ட பட்டியல்தான் வரும். கேள்விகளின் மேல் குற்றம் இல்லை. பழுப்பு ஈப்பிடிப்பானை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் அடையாளம் அலகின் அடிப்பகுதியிலும் காலின் நிறத்திலும் இருக்கும்போது, ஐந்து பொதுக் கேள்விகளால் அங்கே போய்ச் சேர முடியாது. ஆனாலும் அந்தப் பட்டியலைப் பயணத்துக்கு முந்தைய இரவு பார்த்துவைப்பது நல்ல பழக்கம். அங்கே, அந்த மாதத்தில் என்னென்ன ஈப்பிடிப்பான்களை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குக் காட்டில் பாதி வேலை முடிந்திருக்கும்.

பட அறிதல்தான் இந்தச் செயலியின் உயிர்நாடி. படத்தைத் திறந்து, பறவை கட்டத்துக்குள் நிறையும்படி இரண்டு விரல்களால் பெரிதாக்கி, நாளையும் இடத்தையும் உறுதிசெய்தால், மிகப் பொருத்தமான பெயர் முதலிலும் அடுத்த சாத்தியங்கள் கீழேயும் வரும். கைபேசிக் கேமராவில் ஈப்பிடிப்பானைப் படமெடுப்பது நடக்காத காரியம் என்பதால், ஜூம் கேமராவில் எடுத்த படத்தை அதன் பின்திரையில் பெரிதாக்கி, அந்தத் திரையைக் கைபேசியால் மறுபடி படமெடுத்துக் கொடுப்பதுதான் நம்மில் பலருடைய வழக்கம். பறவையின் வடிவத்துக்கு இது போதும். நிறத்துக்குப் போதாது. திரையைப் படமெடுக்கும்போது குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகளும் திரையின் வெளிச்சமும் சேர்ந்து, பழுப்பைச் சாம்பலாகவும் வெளிர் மஞ்சளை வெள்ளையாகவும் மாற்றிவிடும். பழுப்பு ஈப்பிடிப்பான்களில் இதுவே முடிவை மாற்றப் போதுமானது.

பழுப்புப் பறவைகளில் ஒன்றோடொன்று குழம்பும் ஓர் இணையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். சாதாரணப் பழுப்பு ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் சென்னையின் மரமடர்ந்த வளாகங்களிலும் தென்படும். தெற்கு மலைகளின் சில பகுதிகளில் இனப்பெருக்கமும் செய்கிறது. மேலே சாம்பல் கலந்த பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை, பெரிய கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் வடகிழக்கு இந்தியாவிலும் தெற்குச் சீனாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கழிப்பது. அதற்கும் அதே பெரிய கண், அதே வெள்ளை வளையம். மார்பில் பழுப்பு படிந்திருக்கும் என்பது பெயரிலேயே இருந்தாலும், நிழலில் அமர்ந்திருக்கும் எந்தப் பறவையின் மார்பிலும் பழுப்பு படிந்ததுபோல்தான் தோன்றும். நம்பத்தக்கவை இரண்டு அடையாளங்கள். முதலாவது கீழ் அலகு: சாதாரண இனத்தில் அடிப்பகுதி மட்டும் மஞ்சளாகவும் நுனி கருமையாகவும் இருக்கும், பழுப்பு மார்பு இனத்தில் கீழ் அலகு முழுவதுமே வெளிர் மஞ்சள். இரண்டாவது கால்: முன்னதற்குக் கருங்கால், பின்னதற்கு வெளிறிய, தோல் நிறம் கலந்த மஞ்சள் கால்.

ஆகவே செயலிக்கு எந்தப் படத்தைக் கொடுக்கிறோம் என்பதுதான் எல்லாம். மேலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த படத்தில் கீழ் அலகும் தெரியாது, காலும் தெரியாது. அப்படிப்பட்ட படத்துக்கும் செயலி ஒரு பெயரை முதலில் வைக்கத்தான் செய்யும்; வரிசையின் முதலிடம் தீர்ப்பைப் போலத் தோன்றுவதுதான் அதன் வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத அம்சம். பறவை தலையைச் சற்று உயர்த்தி, பக்கவாட்டில், அலகு கிளைக்கு மேலே தெரியும்படி இருக்கும் ஒரு படம், முதுகைக் காட்டும் பத்துப் படங்களை விட மேலானது. இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து வந்தால், ஒவ்வொரு பெயரின் பக்கத்தையும் திறந்து அங்கிருக்கும் படங்களின் கீழ் அலகை நம் படத்துடன் ஒப்பிட்டு நாமே தீர்மானிப்பதுதான் முறை. செயலி அந்த ஒப்பீட்டுக்கு மிக நன்றாகவே உதவுகிறது. ஆண், பெண், இளம்பறவை என்று படங்கள் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தப் பழுப்பு மார்பு இனத்தின் அறிவியல் பெயரில் ஒரு தமிழர் இருப்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மஸ்கிகாபா முட்டூயி என்ற அந்தப் பெயர், எட்கர் லேயார்ட் என்ற ஆங்கிலேயரிடம் வேலை பார்த்த முத்துவைக் குறிப்பது. பருத்தித்துறையில் அவர் கொண்டுவந்து கொடுத்த பறவையை வைத்தே லேயார்ட் 1854இல் இந்த இனத்தை விவரித்தார். எந்தச் செயலியும் இல்லாத காலத்தில் அது வேறு பறவை என்று ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது.

பழுப்புக் கூட்டத்தில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இமயமலையில் இனப்பெருக்கம் செய்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் குளிர்காலத்தில் வரும் துருவால் ஈப்பிடிப்பானுக்கு முகத்தில் அடையாளம் என்று சொல்ல எதுவும் இல்லை. வாலும் இடுப்பும் செம்பழுப்பு, அவ்வளவுதான். முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தைக் கொடுத்தால் செயலியும் தடுமாறும், நாமும் தடுமாறுவோம். மேலே சொன்னதற்கு நேர்மாறாக, இதற்கு முதுகும் வாலும் தெரியும் படம்தான் வேண்டும்.

நீலப் பறவைகளுக்கு வருவோம். இங்கே செயலிக்கும் மனிதக் கண்ணுக்கும் பொதுவான ஒரு தடை உண்டு. இறகின் நீலம் நிறமியால் வருவதல்ல. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் வருவது. அதனால் வெயில் நேராக விழும்போது பளிச்சென்று இருக்கும் நீலம், இலை நிழலில் கருஞ்சாம்பலாகிவிடும். வானத்தைப் பின்னணியாகக் கொண்டு எடுத்த படத்தில் பறவை வெறும் நிழலுருவாகவே பதியும். கேமராவில் வெளிச்ச ஈடுசெய்தலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு படி கூட்டி வைத்துக்கொள்ளாமல் நீல ஈப்பிடிப்பானை அண்ணாந்து படமெடுத்துச் செயலிக்குக் கொடுப்பதில் பயன் இல்லை.

டிக்கெல் நீல ஈப்பிடிப்பானும் நீலத்தொண்டை ஈப்பிடிப்பானும்தான் புதியவர்களை அதிகம் குழப்பும் இணை. முன்னது மூங்கில் புதர்களிலும் வறண்ட மலையடிவாரக் காடுகளிலும் ஆண்டு முழுவதும் இருப்பது. பின்னது நம் பக்கம் குளிர்காலத்துக்கு வருவது. இரண்டிலும் ஆணுக்கு நீல முதுகு, ஆரஞ்சு மார்பு, வெள்ளை வயிறு. டிக்கெலில் ஆரஞ்சு நிறம் அலகின் அடிவரை ஏறியிருக்கும். நீலத்தொண்டையில் மோவாயும் தொண்டையும் நீலம், ஆரஞ்சு மார்பில்தான் தொடங்கும். விளக்கத்தில் எளிது. ஆனால் சில நீலத்தொண்டை ஆண்களில் மார்பின் ஆரஞ்சு ஒரு கூம்பைப் போலத் தொண்டைக்குள் ஏறி நிற்கும். நேர்முன்னே அமர்ந்து, தலையைக் குனிந்திருக்கும் அத்தகைய பறவையின் படத்தில் தொண்டையின் நடுப்பகுதி மட்டும் தெரிய, அது டிக்கெலாகவே தோன்றும். அலகின் அடிக்குக் கீழே, மோவாயில் நீலம் இருக்கிறதா ஆரஞ்சு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய புள்ளி. டிக்கெல் ஆணின் மார்பில் ஆரஞ்சு முடிந்து வெள்ளை தொடங்கும் எல்லை கோடு போட்டதுபோல இருப்பதும் துணைச் சான்று. தொண்டை தெளிவாகத் தெரியும் படத்தில் செயலி இந்த இணையை நன்றாகவே பிரிக்கிறது. நான் அதை நம்பும் இடங்களில் இது ஒன்று.

பெண் பறவைகளில் அந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். டிக்கெல் பெண்ணில் மங்கலாகவாவது நீலச்சாயல் இருக்கும். நீலத்தொண்டையின் பெண் பழுப்பு முதுகும் ஆரஞ்சுத் தொண்டையும் மார்பும் கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானின் பெண்ணும் கிட்டத்தட்ட அதே உடைதான்: பழுப்பு முதுகு, செவ்வாரஞ்சுத் தொண்டை, வெள்ளை வயிறு. ஆண்களைப் பார்த்தவர் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்ப மாட்டார், ஏனென்றால் வெண்வயிற்று ஆணின் மார்பில் ஆரஞ்சே கிடையாது, முழு நீலம். பெண்களில் கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலான பகுதி வெளிறியிருப்பது, தலையின் சாம்பல் சாயல், வாலின் செம்மை ஆகியவற்றைச் சேர்த்துத்தான் வெண்வயிற்று இனம் என்று சொல்ல வேண்டும். இத்தகைய பெண் பறவையின் படத்துக்குச் செயலி முதலில் சொல்லும் பெயரை ஒரு பரிந்துரையாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பக்கத்தில் ஆண் இருக்கிறதா என்று சில நிமிடம் காத்திருந்து பார்ப்பது, செயலியில் மூன்று முறை படத்தை மாற்றிக் கொடுப்பதை விடப் பயனுள்ளது.

உதகை, கொடைக்கானல் சோலைகளில் நீலகிரி ஈப்பிடிப்பானும் குளிர்கால விருந்தாளியான வெர்டிட்டர் ஈப்பிடிப்பானும் ஒரே மரத்தில் அமர வாய்ப்புண்டு. வெர்டிட்டர் ஆண் மயில்துத்த நிறம்; கண்ணுக்கு முன்னால் கறுப்புத் திட்டு; மர உச்சியிலும் மின்கம்பியிலும் வெளிப்படையாக அமரும். நீலகிரி இனம் அடர் நீலம், நிழலை விரும்புவது, வாலின் அடியில் இருபுறமும் வெள்ளைத் திட்டு உடையது. வெயிலில் இருக்கும் ஆணுக்கு யாருடைய உதவியும் வேண்டாம். நிழலில் அமர்ந்த வெர்டிட்டர் பெண்தான் நீலகிரி இனத்தைப் போலக் காட்சியளிக்கும். வால் விரிந்த நொடியில் எடுத்த படம் ஒன்று இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. பறந்து எழும்போது தொடர்ச்சியாகப் படமெடுத்து, மங்கலாக இருந்தாலும் அந்த ஒரு படத்தை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானைப் பற்றி இங்கே சொல்ல எதுவும் இல்லை. அதை எதனுடனும் குழப்ப முடியாது.

ஒலி அறிதலைப் பற்றி எனக்கு இரண்டு மனம். திரையில் ஒலி அலைகள் வரைபடமாக ஓட, ஒவ்வொரு குரலும் கேட்கும்போது அதற்குரிய பெயர் ஒளிர்வது கவர்ச்சியான ஏற்பாடு. பதிவு கைபேசியிலேயே சேமிக்கப்பட்டு, பெயரைத் தொட்டால் அந்தக் குரல் வந்த இடத்தை மறுபடி கேட்க முடிகிறது. ஓடைக்கரைப் புதருக்குள் மறைந்து, உலோகத்தைத் தட்டியதுபோன்ற சிறு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடும் டிக்கெலைத் தேடிக் கண்டுபிடிக்க இது மிகவும் உதவும். ஆனால் ஒலி அறிதலில் அடங்கிய இனங்கள், பட அறிதலில் அடங்கியவற்றை விடக் குறைவு. மேலும் நம் பிரச்சினைக்குரிய பழுப்புப் பறவைகள் குளிர்காலத்தில் பெரும்பாலும் மௌனமாகவோ, மிக மெல்லிய ஒற்றைக் குரலுடனோ இருப்பவை. பக்கத்தில் ஓடை இருந்தால் அந்தக் குரல் கைபேசியின் ஒலிவாங்கியை எட்டாது. துடுப்புவால் கரிச்சான் இருக்கும் காட்டில் இன்னொரு தொல்லை: அது மற்ற பறவைகளின் குரல்களை அப்படியே திருப்பிச் சொல்லும், செயலியும் அந்த மற்றப் பறவையின் பெயரை ஒளிரவைத்துவிட வாய்ப்புண்டு. ஒலியைக் கேட்டுப் பெயர் வந்தால் அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்ப வேண்டும். பட்டியலில் எழுதிக்கொள்ள அது மட்டும் காரணமாகக் கூடாது.

செம்மார்பு ஈப்பிடிப்பான் விஷயத்தில் மட்டும் குரல் வழியையே முதலில் நாடுவேன். தென்னிந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வரும் இது, வாலை நிமிர்த்திக்கொண்டு, சிறு கிலுகிலுப்பையைப் போல ஓயாமல் ஒலியெழுப்பும். கிழக்கத்திய நெருங்கிய உறவான தைகா ஈப்பிடிப்பானின் குரல் இன்னும் வேகமானது, வறண்டது. தைகாவுக்கு அலகு முழுக் கறுப்பு, வாலின் மேல்மூடி இறகுகள் வாலை விடக் கருமை. செம்மார்புக்குக் கீழ் அலகின் அடி வெளிறியிருக்கும். இந்த வேறுபாடுகளைச் செயலியின் விளக்கக் குறிப்புகளைப் படித்தும் படங்களைப் பெரிதாக்கியும் வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடிகிறது என்பதற்காகவே அதைப் பரிந்துரைப்பேன். இலவசமாகக் கிடைக்கும் எதிலும் இவ்வளவு படங்களும் ஒலிகளும் இத்தனை ஒழுங்காக அமைந்து நான் கண்டதில்லை.

செயலி வரிசைப்படுத்தும் முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இபேர்ட் தளத்தில் பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த பட்டியல்களைக் கொண்டு, அந்த இடத்தில் அந்த வாரத்தில் எந்தப் பறவைக்கு வாய்ப்பு அதிகம் என்று அது கணிக்கிறது. பொதுவான பறவைகளுக்கு இது பெரிய பலம். அரிய பறவைகளுக்கு இதுவே பலவீனம், ஏனெனில் பதிவுகள் குறைந்த இனம் வரிசையில் கீழே தள்ளப்படுகிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளலாம். காஷ்மீரையும் அதை ஒட்டிய வடமேற்கு இமயத்தையும் விட்டால் வேறெங்கும் கூடு கட்டாத, அழிவுக்கு இலக்காகக்கூடியதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கும் இப்பறவை, குளிர்காலத்தில் இலங்கையின் மலைநாட்டுக்கும் நீலகிரிக்கும் வருகிறது. ஆணின் சிவந்த தொண்டையையும் மார்பையும் கழுத்தின் பக்கங்களிலிருந்து இறங்கும் கருங்கோடு சுற்றி வளைத்திருக்கும். செம்மார்பு இனத்தில் அந்தக் கருங்கோடு இல்லை, சிவப்பும் அவ்வளவு பரந்திருக்காது. பெண்ணில் இவ்வளவு தெளிவு கிடையாது. மார்பில் படர்ந்த இலேசான செஞ்சாயல்தான் வழிகாட்டி.

உதகையின் பூங்காக்களில் ஜனவரியில் இப்படி ஒரு பெண் பறவை கண்ணில் பட்டால், செயலியின் முதல் பெயரை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடாமல், தொண்டை, மார்பின் பக்கவாட்டு, வாலின் அடி, கீழ் அலகு ஆகிய நான்கும் தெரியும்படி தனித்தனிப் படங்கள் எடுத்துக்கொண்டு, குரல் எழுப்பினால் அதையும் பதிவுசெய்துவிட வேண்டும். அவற்றை இபேர்ட் பட்டியலில் இணைத்தால், அந்தப் பகுதிப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் பார்த்துச் சொல்வார்கள். பெயர் உறுதியாகும் வரை ‘ஈப்பிடிப்பான், இனம் தெரியவில்லை’ என்று பதிவிடவும் அங்கே இடமிருக்கிறது.